அவசர கருத்தடை மாத்திரைக்குப் பின் மாதவிலக்கு: வாசகர் கேள்விகள், மருத்துவர்கள் பதில்கள்

அவசர கருத்தடை மாத்திரை போட்ட பிறகு பீரியட்ஸ் சீக்கிரம் வருகிறது, தள்ளிப்போகிறது, இடையில் லேசாகப் படுகிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு மகப்பேறு மருத்துவர்கள் இந்த இதழில் பதில் தருகிறார்கள். ‘மாத்திரை’ என்று மட்டும் சொல்லும் இடங்களில் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையைக் குறிக்கிறோம். ஐ-பில், அன்வான்டெட்-72 போன்ற பெயர்களில் விற்பது இதுதான். 0.75 மி.கி. மாத்திரை இரண்டாகக் கிடைத்தால் இரண்டையும் ஒரே வேளையில் போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும். போன மாதம் பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து 9-ம் நாள் ஆணுறை கிழிந்துவிட்டது. அன்று இரவே மாத்திரை போட்டேன். 16-ம் நாளே உதிரப்போக்கு ஆரம்பித்து 4 நாள் இருந்தது. இது பீரியட்ஸ்தானா? வந்துவிட்டதால் கர்ப்பம் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா? அடுத்தது எப்போது வரும்?
*பெயர் வேண்டாம், சேலம்*

உங்களுக்கு நடந்தது இந்த மாத்திரையின் வழக்கமான விளைவு. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நிம்மதி அடைய இந்த உதிரப்போக்கு மட்டும் போதாது. காரணத்தைச் சொல்கிறோம்.

சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிவருவதற்கு ஒன்று, ஒன்றரை நாள் முன்பு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, எல்.எச். என்ற ஹார்மோனைத் திடீரென்று அதிகமாகச் சுரக்கும். முட்டை வெளியேறுவதற்கான உத்தரவே அதுதான். எல்.எச். ஏறத் தொடங்கும் முன் மாத்திரை உடலுக்குள் போய்விட்டால் அந்த ஏற்றத்தை அமுக்கிவிடும். முட்டை வெளிவருவது தள்ளிப்போகும், அல்லது அந்த மாதம் வராமலே போகும். ஆணின் விந்தணுக்கள் பெண்ணின் உடலில் அதிகபட்சம் 5 நாள் உயிரோடு இருக்கும். அவை சாகும்வரை முட்டையைத் தடுத்து வைப்பதுதான் மாத்திரையின் முழு வேலையும். 28 நாள் சுழற்சியில் முட்டை பெரும்பாலும் 14-ம் நாளையொட்டி வரும். நீங்கள் 9-ம் நாளே, அதுவும் சில மணி நேரத்துக்குள் போட்டிருக்கிறீர்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யக்கூடிய நேரம் அது.

இனி உதிரப்போக்குக்கு வருவோம். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்பது புரோஜெஸ்ட்ரோன் வகை ஹார்மோன். ஒரே வேளையில் பெரிய அளவில் உள்ளே போய், சில நாளில் வெளியேறிவிடும். அளவு ஏறி இறங்கும்போது கருப்பையின் உட்சவ்வு பிடிமானம் இழந்து உதிர்கிறது. அதனால்தான் சுழற்சியின் முன்பகுதியில் போட்டவர்களுக்கு ஒரு வாரம் போல கழித்து உதிரப்போக்கு வந்து, அந்தச் சுழற்சியே சுருங்கிப்போகிறது. எவ்வளவு முன்னதாகப் போடுகிறோமோ அவ்வளவு சுருங்கும். முட்டை வெளிவந்த பிறகு போட்டவர்களுக்கு அப்படி இல்லை: வழக்கமான தேதியில் வரலாம், சில நாள் தள்ளி வரலாம், வரும்போது ஓரிரு நாள் கூடுதலாக நீடிக்கலாம்.

ஆகவே 16-ம் நாள் வந்தது மருந்து கொண்டுவந்த உதிரப்போக்கு. கர்ப்பம் தரித்தவர்களுக்கும் ஆரம்பத்தில் உதிரம் படுவது உண்டு என்பதால், உறவு நடந்த நாளிலிருந்து 21 நாள் கழித்து, அதாவது உங்கள் கணக்கில் 30-ம் நாள், சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். நெகட்டிவ் என்றால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். அடுத்த பீரியட்ஸ் சிலருக்குப் பழைய தேதியை ஒட்டி வரும். சிலருக்கு இந்த உதிரப்போக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் 28 நாளில் வரும். காலண்டரில் இரண்டையும் குறித்துவையுங்கள். அதற்கடுத்த மாதம் உங்கள் பழைய கணக்கு திரும்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை. முட்டை தள்ளிப்போயிருக்கிறது என்றால் பின்னால் ஒரு நாள் வரக்கூடும் என்றுதான் அர்த்தம். மாத்திரை போட்ட பிறகு அதே மாதத்தில் பாதுகாப்பில்லாமல் மீண்டும் உறவு வைத்தால் போட்ட மாத்திரை அதற்குக் காவல் இருக்காது. மாத்திரை போட்டும் கரு தங்கியதாகச் சொல்பவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான்.

எனக்கு 30 நாள் சுழற்சி. 14-ம் நாள் உறவு, 16-ம் நாள் காலையில்தான் மாத்திரை கிடைத்தது. இன்று 36-ம் நாள், இன்னும் வரவில்லை. 32-ம் நாள் கார்டு டெஸ்ட் செய்தேன், நெகட்டிவ். பப்பாளி, எள்ளுருண்டை எல்லாம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?
*வாசகி, திருநெல்வேலி*

நாளை காலை மறுபடி டெஸ்ட் செய்யுங்கள். 32-ம் நாள் என்பது உறவு நடந்து 18 நாள்தான். மாத்திரையால் முட்டை சில நாள் தாமதமாகி, அதன்பின் கரு தங்கியிருந்தால் அந்த நாளில் சிறுநீரில் ஹார்மோன் போதுமான அளவு சேர்ந்திருக்காது. டெஸ்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டும். இப்போது 21 நாள் தாண்டிவிட்டது. இனி வரும் முடிவை நம்பலாம்.

எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரை உலர்ந்த சுத்தமான கிண்ணத்தில் பிடியுங்கள். கார்டுடன் வரும் சின்ன பிப்பெட்டால் உறையில் சொன்ன அளவு, பெரும்பாலும் 2 அல்லது 3 சொட்டு, வட்டக் குழியில் விடுங்கள். 5 நிமிடத்தில் பாருங்கள். ‘சி’ என்ற இடத்தில் கோடு வரவே இல்லை என்றால் அந்தக் கார்டு செல்லாது. வேறு கார்டு வாங்க வேண்டும். ‘சி’ கோட்டுடன் ‘டி’ இடத்தில் மிக மங்கலாகக் கோடு தெரிந்தாலும் அது பாசிட்டிவ்தான். குப்பையில் போட்ட கார்டை அரை மணி கழித்து எடுத்துப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காயும்போது பொய்க்கோடு தெரியும்.

நெகட்டிவ் என்றால் உங்கள் தாமதத்துக்குக் காரணம் முட்டை தள்ளிப்போனதே. முட்டை எத்தனை நாள் தள்ளுகிறதோ பீரியட்ஸும் அத்தனை நாள் தள்ளும். மாத்திரை போட்டவர்களில் பெரும்பாலோருக்கு எதிர்பார்த்த தேதிக்கு 7 நாள் முன்பின்னாக வந்துவிடும். இன்னும் இரண்டு வாரம் போயும் வராவிட்டால் மாத்திரையின் மேல் மட்டும் பழியைப் போடாமல் தைராய்டு, பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி), திடீர் எடை மாற்றம் ஆகியவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும். முன்பே ஒழுங்கில்லாமல் வருபவர்கள் ‘டேட் தள்ளிப்போனதா’ என்று பார்த்துப் பயனில்லை. அவர்கள் உறவு நடந்த தேதியிலிருந்து 21 நாள் எண்ணி டெஸ்ட் செய்வதே சரி.

பாசிட்டிவ் என்றாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரையால் கருவுக்குக் கெடுதல் இல்லை. குழந்தை வேண்டும் என்றால் தாராளமாகத் தொடரலாம். வேண்டாம் என்றால் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி நீங்களாகப் போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே சட்டப்படி, பாதுகாப்பாக, ரகசியம் காத்துச் செய்வார்கள்.

பப்பாளியும் எள்ளும் நல்ல உணவுகள். தள்ளிப்போன பீரியட்ஸை அவை வரவழைப்பதில்லை. அவற்றை நம்பிக் காத்திருக்கும் நாட்களில் டெஸ்ட் செய்ய வேண்டிய தேதி கைநழுவிப் போவதுதான் எங்களை வருத்துகிறது.

மாத்திரை போட்டு 5 வாரம் ஆகிறது. பீரியட்ஸ் சரியாக வரவில்லை. கறுப்பாகச் சொட்டுச் சொட்டாகப் படுகிறது. இரண்டு நாளாக வலது அடிவயிற்றில் வலி.
*வாசகி, தூத்துக்குடி*

கடிதம் கிடைத்ததுமே உங்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறோம். இது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம். மாத்திரை அந்த ஆபத்தைக் கூட்டுவதில்லை. ஆனால் மாத்திரை பலிக்காமல் கரு தங்கினால் அது எங்கே தங்கியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். ஒரு பக்க வலி, விட்டுவிட்டுப் படுதல், தலைசுற்றல், தோள்பட்டையில் வலி இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மயக்கம் வந்தால் 108.

மாத்திரை கேட்டால் எங்கள் பகுதி மெடிக்கலில் ‘கருக்கலைப்பு மாத்திரை தர மாட்டோம், சீட்டு கொண்டு வா’ என்கிறார்கள். மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன். என் மனைவிக்கு வேறு வழி என்ன?
*வாசகர், திருச்சி*

கடைக்காரர் இரண்டு மருந்துகளைக் குழப்பிக்கொள்கிறார். கருக்கலைப்புக்கானது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற ஜோடி. மருத்துவர் சீட்டில்லாமல் அதைத் தரக் கூடாது. லெவோநார்ஜெஸ்ட்ரல் தங்கிய கருவை ஒன்றும் செய்யாது. இந்தியாவில் 2005 முதல் அதைச் சீட்டில்லாமலே வாங்கலாம். இருந்தும் தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகப் பெரும்பாலான கடைகள் அதை இருப்பு வைப்பதில்லை. 72 மணி நேரத்துக்குள் மாத்திரை போட வேண்டுமே என்று ஓடும் ஒரு பெண்ணுக்கு இது பெரிய அநியாயம் என்பதே எங்கள் கருத்து.

செய்ய வேண்டியது: முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையின் குடும்ப நலப் பிரிவிலோ கேளுங்கள். ‘ஈஸி பில்’ என்ற பெயரில் அரசே வழங்கும் மாத்திரை இதுதான். அங்கேயும் இல்லையென்றால் அன்றாடக் கருத்தடை மாத்திரையான மாலா-என் அட்டையைக் கேளுங்கள். அதில் 21 வெள்ளை மாத்திரைகளில்தான் ஹார்மோன் இருக்கிறது. மீதி 7 நிற மாத்திரைகள் வெறும் இரும்புச்சத்து. வெள்ளை மாத்திரை 4, சரியாக 12 மணி நேரம் கழித்து இன்னொரு 4. பழைய முறை இது, பலனும் சற்றுக் குறைவு, குமட்டல் நிறைய இருக்கும். ஒரு மணி நேரம் முன்பே வாந்தித் தடுப்பு மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். இந்த முறையிலும் பீரியட்ஸ் சில நாள் முன்பின் ஆகும்.

எல்லாவற்றையும்விடப் பலமானது கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி. உறவு நடந்து 5 நாளுக்குள் பொருத்தினால் 100-ல் 99 பேருக்கும் மேல் கரு தங்காது. முட்டை வந்தபின்னும் வேலை செய்யும் என்பது அதன் தனிச்சிறப்பு. ஹார்மோன் இல்லாததால் பீரியட்ஸ் தேதி மாறாது. முதல் 3 முதல் 6 மாதம் போக்கும் வயிற்றுவலியும் அதிகமாக இருக்கும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊர்த் திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட நோரெதிஸ்டிரோன் 5 மி.கி. மூன்று வேளையும் போட்டேன். அதே மாதம் முன்னதாக அவசர மாத்திரையும் போட்டிருந்தேன். இப்போது எது எதனால் வருகிறது என்றே தெரியவில்லை.
*வாசகி, கும்பகோணம்*

இரண்டும் ஒரே வகை ஹார்மோன், சேர்ந்ததால் விஷமாகிவிடவில்லை. ஆனால் கணக்கு குழம்பத்தான் செய்யும். நோரெதிஸ்டிரோனை நிறுத்திய 2, 3 நாளில் உதிரப்போக்கு வர வேண்டும். அது மருந்தை நிறுத்தியதால் வருவது. அவசர மாத்திரை போட்ட மாதத்தில் எதிர்பார்த்த தேதியே முன்பின் ஆகிவிடுவதால், தள்ளிப்போடும் மாத்திரையை எந்த நாளில் தொடங்குவது என்பதே தப்பாகிவிடும். நடுவில் பட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்தி ஒரு வாரமாகியும் வரவில்லை என்றால் டெஸ்ட் செய்யுங்கள். தள்ளிப்போடும் மாத்திரையைக் கருத்தடையாக நம்ப வேண்டாம். அடுத்த முறை இரண்டும் ஒரே மாதத்தில் தேவைப்பட்டால், தொடங்கும் முன் ஒரு கார்டு டெஸ்ட் செய்துவிட்டு மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள்.

காசநோய்க்கு 2 மாதமாக மருந்து சாப்பிடுகிறேன். அவசர மாத்திரை எனக்கு வேலை செய்யுமா? எடை 78 கிலோ.
*வாசகி, ராணிப்பேட்டை*

ஒரு மாத்திரை போதாது. காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், கல்லீரலைத் தூண்டி இந்த ஹார்மோனை வேகமாகச் சிதைத்து வெளியேற்ற வைக்கும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமாசிபின், ஃபீனோபார்பிடோன் மாத்திரைகளும் அப்படியே. நிறுத்திய பிறகும் 4 வாரம் அந்தத் தாக்கம் இருக்கும். உங்களுக்குச் சிறந்தது காப்பர்-டி. அது முடியாவிட்டால் 1.5 மி.கி. மாத்திரை இரண்டை ஒன்றாகப் போட வேண்டும். 70 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்களுக்கும் பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல் இரட்டை அளவையே சொல்கிறது. காய்ச்சல், சளிக்குத் தரும் அமாக்சிசிலின் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக் எதுவும் இடையூறு செய்யாது. காசநோய் மருந்தை மட்டும் ஒரு நாளும் நிறுத்திவிடாதீர்கள்.

யாராக இருந்தாலும் மாத்திரை போட்டு 2, 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவு மறுபடி போட வேண்டும்.

இங்கே பார்மசியில் அவசர கருத்தடைக்கு உலிப்ரிஸ்டால் 30 மி.கி. கொடுத்தார்கள். மறுநாளே என் வழக்கமான கருத்தடை மாத்திரையைத் தொடங்கிவிட்டேன். அது தப்பா?
*தமிழ் வாசகி, லண்டன்*

5 நாள் பொறுத்திருக்க வேண்டும். உலிப்ரிஸ்டால் 120 மணி நேரம் வரை பலன் தரும், எல்.எச். ஏறத் தொடங்கிய பிறகும் முட்டையைத் தடுக்கும் சக்தி அதற்கு உண்டு. ஆனால் அது புரோஜெஸ்ட்ரோனை எதிர்த்து வேலை செய்யும் மருந்து. அன்றாட மாத்திரையின் ஹார்மோன் உடனே உள்ளே போனால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். கடிதம் எழுதும்போதே உங்களுக்கு அந்த 5 நாள் தாண்டிவிட்டதால் மாத்திரையைத் தொடருங்கள், இன்னும் 7 நாள் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். உறவு நடந்து 21-ம் நாள் டெஸ்ட் கட்டாயம். அன்றாட மாத்திரையின் இடைவெளி நாட்களில் வரும் உதிரப்போக்கை வைத்துக் கர்ப்பம் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். உலிப்ரிஸ்டால் போட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு பீரியட்ஸ் 7 நாள் முன்பின்னுக்குள் வருகிறது; மற்றவர்களில் சீக்கிரம் வருபவர்களைவிடத் தாமதமாக வருபவர்களே அதிகம். லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்டால் 5 நாள் காத்திருப்பு தேவையில்லை, அன்றே தொடங்கலாம்.

இரண்டு மாதத்தில் மூன்று முறை போட்டுவிட்டேன். 12 நாளில் ஒருமுறை, பிறகு 40 நாள் கழித்து ஒருமுறை என்று வருகிறது. கருப்பை கெட்டுவிட்டதா? பின்னால் குழந்தை பிறக்காதோ?
*வாசகி, கோவை*

கருப்பை கெடவில்லை. எத்தனை முறை போட்டாலும் இந்த மாத்திரை மலட்டுத்தன்மையை உண்டாக்குவதில்லை. இந்தப் பயத்தைச் சொல்லியே பெண்களை வாட்டி எடுக்கிறார்கள். தயவுசெய்து மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் அந்தச் சுழற்சி கலைகிறது, அவ்வளவுதான். நிறுத்திய ஓரிரு மாதத்தில் ஒழுங்காகும். ஆகவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

ஆனாலும் இப்படியே தொடர்வது உங்களுக்குச் சரிவராது. முட்டை வெளிவரும் சமயத்தில் போட்டால் மாத்திரை தோற்கும். அடிக்கடி போடும்போது அந்தச் சமயம் எது என்று உங்களுக்கே தெரியாமல் போகிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பீரியட்ஸுக்கு எது என்ன செய்யும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாலா-என் ஒழுங்காகப் போட்டால் தேதி பிசகாமல் வரும், போக்கும் குறையும். சாயா, ஹார்மோன் இல்லாத மாத்திரை, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. முதல் 3 மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. தொடக்கத்தில் சிலருக்கு நாள் தள்ளும். அந்தரா ஊசி 3 மாதத்துக்கு ஒன்று. முதலில் ஒழுங்கில்லாமல் படும், போகப்போக நின்றே போகலாம், நிறுத்தினால் கரு தங்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். தேதி சரியாக வர வேண்டும் என்பதே உங்கள் பெரிய கவலையாக இருப்பதால், ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி எதுவும் இல்லையென்றால் மாலா-என் பொருந்தும். தினம் மாத்திரை நினைவிருக்காது என்றால் காப்பர்-டி.

பிள்ளைக்கு 4 மாதம், தாய்ப்பால் மட்டும்தான். பிரசவத்துக்குப் பிறகு இன்னும் மாதவிடாய் வரவில்லை. போன கிழமை (வாரம்) அவசர மாத்திரை எடுத்தேன், இப்ப மூன்று நாளாக இரத்தம் போகிறது. பால் கொடுக்கலாமா?
*வாசகி, யாழ்ப்பாணம்*

தாராளமாகக் கொடுக்கலாம், ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். பிள்ளைக்குப் பால் கொடுத்த கையோடு மாத்திரை எடுத்திருந்தால் இன்னும் நல்லது. பிள்ளைக்கு 6 மாதம் ஆகாமலும், இரவு பகலாகத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தும், மாதவிடாய் திரும்பாமலும் இருந்தால் தாய்ப்பாலே கருத்தடையாக இருக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தக் காவல் போய்விடும். இப்போது போகும் இரத்தம் மாத்திரையால் வந்ததாக இருக்கலாம். ஆனாலும் பிரசவமாகி 8 கிழமைக்குப் பிறகு தொடர்ந்து 2 நாள் போனால் அதை மாதவிடாய் திரும்பியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் இன்றிலிருந்து ஆணுறை பயன்படுத்துங்கள். உறவு நடந்து 21 நாளில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட்டு, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக்கில் லூப் (காப்பர்-டி) பற்றிக் கேளுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு அதனால் பால் குறையாது.